பதினோராம் பாலம்

பல்செட் கழுவும் மாத்திரை
இரண்டு பெட்டி கேட்டேன்.
மருந்துக்கடைப் பெண் என் வாயைப் பார்த்தாள்.
பத்தொன்பது வயது. எல்லாப் பற்களும் இருந்தன.
நீர்நாய்க்கு என்றேன்.
அதற்குப் பிறகு அவள் எதுவும் கேட்கவில்லை.

வேல்ஸில், தைவி ஆற்றோரம்,
கல்லூரியின் இரண்டாம் ஆண்டை
நான் பாலங்களுக்கு அடியில் படித்தேன்.
இருபத்துமூன்று பாலம், வாரம் ஒருமுறை.
வளைவுக்குக் கீழே கல்திட்டில்
நீர்நாய் இட்டுப் போன விட்டையை
மண்டியிட்டு முகர்வது பாடத்திட்டத்தில் இருந்தது.
மல்லிகை டீ என்றது கையேடு.
அடைத்த சாக்கடை என்றான் கெதின்.
எனக்கு அது
மழை நனைத்த வைக்கோலுக்குள்
யாரோ மீனை மறந்து வைத்த வாசனை.
ஒத்துப்போகவே இல்லை. ஆனால்
கண்ணைக் கட்டிவிட்டாலும்
இருவரும் ஒரே கல்லைத்தான் காட்டியிருப்போம்.

விடுதி ஃபிரிட்ஜில் பால்புட்டிக்குப் பக்கத்தில்
தேதி எழுதிய பைகள்.
ஓர் இரவு மாத்திரைத் தண்ணீரில் ஊறினால்
காலையில் சல்லடையில் மிஞ்சும்
விலாங்கின் முதுகெலும்பு, கடுகளவு.
தவளையின் இடுப்பு.
ஒருமுறை, வாத்துக்குஞ்சின் பாதி இறகு.
சாப்பிட்டவரைப் பார்க்காமலேயே
சாப்பாட்டு மேசை முழுக்கத் தெரிந்தது.
நீர்நாயை அந்த வருஷம் நான் காணவே இல்லை.

பிப்ரவரி. ஆலங்கட்டி மழை.
பதினோராம் பாலத்தருகே வேன் நின்றது.
ஹீட்டரின் மேல் என் கையுறை காய்ந்துகொண்டிருந்தது.
இறங்கலையா, ஹெலெத்? என்றான் கெதின்,
அவனும் இறங்காமல்.
படிவத்தில் இரண்டே விடை: ஒன்று, அல்லது சுழி.
பென்சில் தானாக வளைந்தது என்று சொல்ல ஆசை.
நான்தான் வளைத்தேன்.
அவ்வளவு உருண்டையாக, அவ்வளவு சுத்தமாக
அதற்கு முன் ஒரு சுழி நான் எழுதியதில்லை.

மூன்று வாரம் கழித்து
மாற்றுக் குழுவில் போன டெக்வென்
அதே பாலத்திலிருந்து ஒரு பை கொண்டுவந்தாள்.
மேலே புதியது, கறுப்பு, பளபளப்பு.
கீழே பழையது. அதற்கும் கீழே
தொட்டால் உதிரும் வெளுத்த சாம்பல்.
மாசக்கணக்கா வருது போல, என்றாள்,
சாண்ட்விச்சைக் கடித்தபடி.
கெதின் டீயைக் கலக்கிக்கொண்டே இருந்தான்.
அதில் சர்க்கரை இல்லை.

என் சுழிக்கு அடியில், அந்த மழை முழுக்க,
ஓர் உயிர் வந்து போய்க்கொண்டிருந்திருக்கிறது.

அழிக்கவில்லை. குறுக்கே கோடு போட்டேன்.
பக்கத்தில் எழுதினேன்: பார்க்கவில்லை.
எட்டு மதிப்பெண் போனது.
கெதின் ஒரு வாரம் பேசவில்லை.

பட்டம் வாங்கி வௌவால் எண்ணினேன்,
கோழிப்பண்ணையில் முட்டை எண்ணினேன்,
ஒரு குளிர்காலம் எண்ண எதுவும் இல்லாமல்
லாரியில் உரமூட்டை ஏற்றினேன்.
பிறகு ஆற்று வாரியத்தில் ஒரு நாற்காலி.
பார்க்கவில்லை என்ற அந்த ஒரு சொல்லை வைத்துத்தான்
பதினேழு வருஷமாய்ச் சம்பளம் வாங்குகிறேன்.

புறவழிச்சாலைக்காரர்கள்
வழவழப்பான தாளில் கொண்டுவருவார்கள்:
நீர்நாய் நடமாட்டம் இல்லை.
நான் பின்னிணைப்பைப் புரட்டுவேன்.
எந்தத் தேதி. ஆறு எவ்வளவு ஏறியிருந்தது.
யார் இறங்கினார்கள்.
யாராவது ஒருவர் பேனாவை மூடித் திறப்பார்.
அந்த முகம் எனக்குத் தெரியும்,
ஹீட்டர் போட்ட முகம்.
கடிந்து பேச வருவதில்லை.
மறுபடி போய்ப் பாருங்கள் என்பேன்,
பாதி நாள் நானும் கூடப் போவேன்.

நேற்று ஒரு குழாய்ப்பாலம்.
முழங்கால் யோசித்துவிட்டு மடங்கியது.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு,
அதில் ஒன்று கட்டிய பல்,
உள்ளே தவழ்ந்தேன்.
சேறு. பீர் டின். ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பு.
கடைசிக் கல் வரை முகர்ந்தேன்.
கல் வாசனை, தண்ணீர் வாசனை.

வெளியே வந்து எழுதினேன்.
தாள் நனைந்து, கோடு ஊறி,
சுழி கொஞ்சம் கோணலாக விழுந்தது.